டான்ஸ் மாஸ்டராகி நடுவர் நாற்காலி வரை போக நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாக ஆடத் தெரிந்தால் மாஸ்டராகிவிடலாம், மாஸ்டரானால் டிவியில் நடுவராகிவிடலாம் என்ற நினைப்பில்தான் பல தவறுகள் ஆரம்பிக்கின்றன. ஆடுகிறவருக்குச் சொந்த உடம்பு தெரிந்தால் போதும். மாஸ்டருக்கும் நடுவருக்கும் அடுத்தவர் உடம்பைப் பார்க்கத் தெரிய வேண்டும். அந்தக் கண் வர வருஷக்கணக்காகும்.

அதனால்தான் குரூப்பில் ஆடுவதையும் அசிஸ்டென்டாக இருப்பதையும் வீண் வேலை என்று நினைப்பதை முதல் தவறாகச் சொல்கிறேன். மும்பையின் இந்திப் பட நடன மாஸ்டர் சரோஜ் கானைப் பாருங்கள். குழந்தை நட்சத்திரமாக வந்து, குரூப் டான்ஸராக ஆடி, பி. சோஹன்லால் மாஸ்டரிடம் உதவியாளராக இருந்தவர். தனியாக நடனம் அமைத்த முதல் படம் 1974-இல் வந்தது. நாடே பெயரைத் தெரிந்துகொண்டது 1987, 88-இல், 'மிஸ்டர் இந்தியா', 'தேஜாப்' பாடல்களுக்குப் பிறகு. 'நச் பலியே' என்ற இந்தி டிவி ஜோடி நடன நிகழ்ச்சியில் நடுவராக உட்கார்ந்தபோது 2005 ஆகிவிட்டது. முதல் படத்துக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவே 31 வருஷம். நம் ஊரிலும் கதை இதேதான். கலா மாஸ்டர், அக்கா கணவர் ரகுராம் மாஸ்டரிடம் அசிஸ்டென்டாக இருந்து வந்தவர். சுந்தரம் மாஸ்டரின் மகனாகவே இருந்தும், பிரபுதேவா 'அக்னி நட்சத்திரம்' படத்தில் குரூப்பில் ஆடியிருக்கிறார்.

குரூப் வரிசையில் நிற்கும்போது கிடைக்கும் பாடத்தை எந்த வகுப்பிலும் வாங்க முடியாது. ஹீரோ எந்த இடத்தில் தடுமாறுகிறார், மாஸ்டர் அதை எப்படி மாற்றுகிறார், முன்வரிசை அரை அடி நகர்ந்தால் ஃபார்மேஷன் எப்படிக் கலைகிறது என்பதெல்லாம் பக்கத்திலேயே நடக்கும். நாலு ரீல்ஸ் ஹிட்டானதும் நேராக மாஸ்டர் ஆகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை. அவர்களுடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு தயாரிப்பாளரின் பணத்தில், ஐம்பது பேர் காத்திருக்கும் செட்டில் இதையெல்லாம் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது என்பதுதான் என் கவலை.

அடுத்தது நான் அதிகம் பார்க்கும் தவறு: தன் உடம்புக்கு ஏற்றபடி நடனத்தை கம்போஸ் பண்ணுவது. கண்ணாடி முன்னால் நின்று தனக்கு எது அழகாக வருகிறதோ அதையே ஹீரோயினுக்கும் கொடுத்துவிடுவார்கள். அவருக்கோ இடுப்பு வளையாது, ஆனால் கண் பேசும். அப்படியென்றால் ஒரு அசைவுத் தொடரின் எட்டு கவுண்டில் (தாள எண்ணிக்கையில்) ஆறு கவுண்டைக் கண்ணுக்கும் கைக்கும் கொடுத்துவிட்டு, வேகமான கால் வேலையைக் குரூப்புக்குக் கொடுக்க வேண்டும். ஆடவே வராத ஹீரோ வந்தால் அவர் நடையைக் கவனியுங்கள். எல்லோருக்கும் தோளிலோ தலையசைப்பிலோ ஒரு பழக்கம் இருக்கும். அதைத் தாளத்தில் உட்கார வைத்தாலே அவருக்கென்று ஒரு ஸ்டெப் கிடைத்துவிடும். ஸ்ரீதேவியையும் மாதுரி தீட்சித்தையும் சரோஜ் கான் ஒரே அச்சில் வார்க்கவில்லை. 'மிஸ்டர் இந்தியா'வின் 'ஹவா ஹவாய்' பாட்டு ஸ்ரீதேவியின் குறும்பு முகத்தை நம்பி நிற்கிறது. 'தேஜாப்'பின் 'ஏக் தோ தீன்' மாதுரியின் துள்ளலை நம்பி நிற்கிறது. சிறந்த நடன அமைப்புக்கான ஃபிலிம்ஃபேர் விருது தொடங்கியபோது அதை முதலில் வாங்கியது அந்தப் பாட்டுதான்.

பாட்டு வரியைக் கேட்காமல் பீட்டை மட்டும் கேட்பதும் இதோடு சேர்ந்ததே. 2005-இன் தமிழ்ப் படமான 'சிருங்காரம்' சரோஜ் கானுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. தேவதாசி மரபைப் பற்றிய படம் அது. வரியின் உணர்ச்சியை முகத்திலும் கையிலும் காட்டும் பாவம் தெரியாத ஒருவர் அங்கே ஒரு சரணம்கூடத் தாண்டியிருக்க முடியாது. கேமராவையும் மறந்துவிடக் கூடாது. மேடையில் பார்ப்பவர் முன்னால் மட்டும் இருக்கிறார். படப்பிடிப்பில் லென்ஸ் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். குளோசப்பில் எடுக்கப் போகிற பிட்டுக்குக் கால் ஸ்டெப் யோசித்துக்கொண்டிருந்தால் ஒத்திகை நேரம் போனதுதான் மிச்சம்.

காகித வேலை என்றாலே ஓடுகிறவர்கள் இந்தத் துறையில் அதிகம். டான்ஸ் யூனியன் கார்டு, சம்பளம் எப்போது, டைட்டிலில் பெயர் எப்படி வரும் என்பதையெல்லாம் முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் நடன அமைப்பும் நாடகப் படைப்பு என்ற வகையில் வருகிறது, ஆனால் எழுத்திலோ வேறு வடிவத்திலோ பதிவாகியிருக்க வேண்டும். ஒத்திகை வீடியோவைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள்.

சரி, நடுவராகிவிட்டீர்கள். அங்கே பெரிய தவறு, பாராட்டையே கருத்தாக நினைப்பது. 2007-இல் கலைஞர் டிவியில் 'மானாட மயிலாட' ஜோடி நடனப் போட்டி வந்த பிறகு, ஜோடிப் பொருத்தத்தைச் சொல்லும் 'கெமிஸ்ட்ரி' என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கியது. பார்ப்பவருக்கு அது பிடித்திருந்தது, நிகழ்ச்சிக்கும் அது தேவை. ஆனால் "சூப்பர், பின்னிட்டம்மா" என்பதை மட்டும் கேட்டு இறங்கும் போட்டியாளர் அடுத்த வாரம் எதைத் திருத்துவார்? "ரெண்டாவது சரணத்துல திரும்பும்போது ஜோடியைப் பார்க்காம கேமராவைத் தேடுனீங்க, அதனாலதான் கை லேட்டாச்சு" என்று சொல்லிப் பாருங்கள். அதே பத்து விநாடிதான் ஆகும். போட்டியாளருக்கு ஒரு வாரத்துக்கான வேலை கிடைத்துவிடும். வீட்டில் பார்ப்பவரும் நடனத்தைக் கவனிக்கக் கற்றுக்கொள்வார்.

உங்கள் மாணவர் போட்டியில் இருந்தால் முதல் எபிசோடிலேயே வெளியில் சொல்லிவிட்டு, அவருக்கு மார்க் போடாமல் ஒதுங்குங்கள்.

குழந்தைகள் நிகழ்ச்சியில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். வயதுக்குப் பொருந்தாத அசைவுகளைக் குழந்தைகளிடம் ஆடவைக்க வேண்டாம் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனில் சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி ஒரு குழந்தையை நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை தூக்கக் கண்ணோடு நின்றால், "இன்றைக்குப் போதும்" என்று சொல்லும் செல்வாக்கு அந்த செட்டில் நடுவருக்கு உண்டு. அதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் தவறு.

அப்புறம், நாற்காலி கிடைத்ததும் ஒத்திகைக் கூடத்தை விட்டுவிடுவது. வாரம் இரண்டு நாள் ஷூட்டிங், நல்ல சம்பளம், எங்கே போனாலும் செல்ஃபி என்று வந்தபின் கம்போஸ் பண்ணும் பழக்கம் கையைவிட்டுப் போகும். இளையவர்களோடு சேர்ந்து வேலை செய்யவும் மனம் வராது. 2019-இல் 'கலங்க்' படத்தில் மாதுரி மறுபடி ஆடியபோது, எழுபது வயதைத் தொட்டிருந்த சரோஜ் கான் ரெமோ டிசோசாவோடு சேர்ந்துதான் அந்தப் பாட்டை அமைத்தார். ரெமோவும் டிவி நடன நிகழ்ச்சிகளில் நடுவராகப் பெயர் வாங்கியவர், சரோஜ் கானுக்கு அடுத்த தலைமுறை.