கருத்தரங்கில் முதல் தடவை மைக் பிடிக்கப் போகிறீர்களா?

பாளையங்கோட்டைப் பக்கம் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, கருத்தரங்குகளுக்கும் பஞ்சமில்லை. பொங்கல் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழாக வந்து விழும். தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் சேர்ந்து நடத்துகிறார்கள் என்றால் தலைப்பு பெரும்பாலும் இரண்டு காலில் நிற்கும்: ஒரு கால் மொழிக்குடும்ப வகைப்பாட்டில், இன்னொரு கால் இரண்டாம் மொழியில் பேசும் திறனில். முதல் தடவை கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்கு, நான் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன்.

என் முதல் கருத்தரங்குக்கு 14 பக்கம் எழுதிக்கொண்டு போனேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். கொடுத்தது 10 நிமிடம். நாலாம் பக்கத்தில் மணி அடித்தார்கள், திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதிய கால்டுவெல் அப்போதுதான் கப்பலை விட்டு இறங்கியிருந்தார். நான் சொல்ல வந்த விஷயம் 11ஆம் பக்கத்தில் இருந்தது.

ஆகவே முதல் வேலை, கால்டுவெல் வாழ்க்கை வரலாற்றை வெட்டுங்கள். 1838இல் சென்னை வந்தார், 1841இல் இடையன்குடி, 1856இல் ஒப்பிலக்கணம், இது திசையன்விளை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கே தெரியும். உங்களுக்கு முன்னால் பேசுகிறவரும் பின்னால் பேசுகிறவரும் அதைத்தான் சொல்லப் போகிறார்கள். முன்னுரை வேண்டுமென்றால் எல்லிஸை ஒரு வரி சொல்லுங்கள்: கால்டுவெல்லுக்கு 40 வருஷம் முன்னால், 1816இல், காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில், தெலுங்கு சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததல்ல, தமிழ், கன்னடத்தோடு ஒரே குடும்பம் என்று காட்டியவர். அந்த ஒரு வரிக்கே அரங்கில் நாலு பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம் தலைப்பு. 'திராவிட மொழிகளின் வகைப்பாடு' என்றெல்லாம் கட்டுரைச் சுருக்கம் அனுப்பாதீர்கள். தென், தென்நடு, நடு, வட என்று நாலு கிளை, 20க்கு மேற்பட்ட மொழிகள், பலுசிஸ்தானத்துப் பிராகுயி வரை போகும், 10 நிமிடத்தில் பெயர்களை வாசித்து முடிப்பதே கஷ்டம். ஒரே ஒரு ஒலியை எடுங்கள். நான் இரண்டாவது தடவை எடுத்தது சொல்லின் முதலில் வரும் 'ப'. தமிழில் பால், தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. தமிழில் புலி, தெலுங்கிலும் புலி, கன்னடத்தில் ஹுலி. பத்து, பதி, ஹத்து. மூன்று வரிசையிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி மாற்றம். சொற்கள் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் மட்டும் உறவு நிரூபணமாகாது, மாற்றம் இப்படி ஒழுங்காக வர வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, 'புத்தகம்' கன்னடத்தில் என்ன என்று அரங்கைக் கேளுங்கள். புஸ்தக. ஹுஸ்தக இல்லை. ஏனென்றால் அது சமஸ்கிருதத்திலிருந்து வாங்கிய சொல், 'ப' 'ஹ' ஆகிற ஓட்டத்தில் அது சேரவில்லை. பிறந்த சொல்லையும் கடன் வாங்கிய சொல்லையும் எப்படிப் பிரிப்பது என்று பத்து ஸ்லைடு போட்டு விளக்குவதை இந்த ஒரு சொல் செய்துவிடும்.

சொற்பட்டியலுக்கு பர்ரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இருக்கிறது, 1984 பதிப்பைப் பாருங்கள், இணையத்தில் தேடவும் முடியும். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நம்ம ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், பாளையங்கோட்டையில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். சௌராஷ்டிரம் இந்தோ-ஆரியக் குடும்பம், ஆகவே ஒன்றிலிருந்து பத்து வரை கேட்டு எழுதினாலே ஒப்பிட உங்களுக்குத் திராவிடக் குடும்பத்துக்கு வெளியே உள்ள மொழி ஒன்று கிடைத்துவிடும். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள், வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், கால் கிலோ அல்வா போதும்.

சரி, இனி ஆங்கிலம். பேச வேண்டும் என்றதும் நம் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது, அதனால் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்து அப்படியே வாசித்துவிடுகிறார்கள். இங்கேதான் தலைப்பின் இரண்டு காலும் ஒன்று சேருகிறது, கவனித்துப் பாருங்கள். தமிழில் 'பாடு' என்னும்போது ட அதிர்கிறது, அதாவது தொண்டை அதிர்ந்து ஆங்கில d போல ஒலிக்கிறது, 'பாட்டு' என்னும்போது அதிர்வதில்லை. சொல்லின் முதலில் வரும் வல்லினமும் அதிராது. ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். கால்டுவெல்லே இதை ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பழக்கம்தான் நம் ஆங்கிலத்திலும் வந்து உட்காருகிறது. பஸ், பர்ஸ் இரண்டுக்கும் நமக்கு ஒரே 'ப'. 'பிக்' என்று எழுதினால் பெரியதா பன்றியா என்று எழுத்து சொல்லாது. பேப்பருக்கு நடுவில் நாம் ஏன் 'ப்'பை இரட்டிக்கிறோம்? ஒற்றையாக விட்டால் அது அதிர்ந்துவிடும் என்று நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. ஆக உங்கள் உச்சரிப்புத் தவறு படிக்காததால் வந்ததில்லை, தாய்மொழியின் இலக்கணம் ஒழுங்காக வேலை செய்வதால் வந்தது. என் வகுப்பில் இதைச் சொன்ன பிறகுதான் இரண்டு பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள்.

அதற்காக எல்லா ஒலியையும் திருத்திக்கொண்டு இருக்க நேரமில்லை. உங்கள் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் பத்து கலைச்சொற்களை மட்டும் அகராதி ஒலியில் கேட்டு, அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். ஹைபாதெஸிஸ் என்றால் 'பா'வில். கம்பேரடிவ் என்றால் 'பே'யில். நாம் எல்லா அசையையும் ஒரே எடையில் சொல்லிப் பழகியவர்கள், வெளியூர்க்காரர் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

1980இல் கெனேல், ஸ்வெய்ன் என்ற இருவர் இரண்டாம் மொழித் திறனைப் பிரித்து எழுதியபோது இலக்கணத்தோடு நிற்கவில்லை, சொல் கிடைக்காமல் தடுமாறும்போது சமாளிக்கிற திறனையும் ஒரு பங்காகச் சேர்த்தார்கள். நமக்குத் தேவை அதுதான். மூன்று வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'லெட் மீ சே தட் அனதர் வே', 'குட் யூ ரிபீட் தி கொஸ்டின், ப்ளீஸ்', 'ஐ டோன்ட் நோ தட் யெட்'. மூன்றாவதைச் சொல்லத்தான் தைரியம் வேண்டும், சொன்னால் யாரும் கடித்துத் தின்றுவிட மாட்டார்கள்.

ஒத்திகை வாய்விட்டுத்தான். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 110 சொல் போகும், 8 நிமிடத்துக்கு 900க்குள் வையுங்கள், மீதி 2 நிமிடம் மைக் சரியில்லாததற்குப் போய்விடும். நான் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து போனில் பதிவு செய்து கேட்பேன். துணி துவைக்கிற அக்கா ஒருத்தி, 'யாருகிட்டல சண்ட போடுத?' என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தெரிந்தது, நான் பேசவில்லை, கத்திக்கொண்டிருந்தேன்.

பிபிடியில் தமிழை யூனிகோடில் மட்டும் அடியுங்கள், கூடவே ஒரு பிடிஎஃப் பென்டிரைவில் இருக்கட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக்கொண்டு போனால் அந்த லேப்டாப்பில் எழுத்துரு இருக்காது, தொல்காப்பிய நூற்பா ஆங்கிலக் கிறுக்கலாகத் திரையில் தெரியும்.

கடைசியாகக் கேள்வி நேரம். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்திருப்பார், நிச்சயம் எழுந்திருப்பார். 'எல்லாம் சரி தம்பி, அப்பம் கன்னடம் தமிழ்ல இருந்து வந்ததுதான?' அவரை மடக்கப் பார்க்காதீர்கள், அவர் தமிழ் மேல் உள்ள பிரியத்தில் கேட்கிறார். 'ஐயா, இரண்டும் அக்கா தங்கச்சி. தாயைத் தொல்திராவிடம் என்கிறார்கள், அதில் எழுதி வைத்தது எதுவும் கிடைக்கவில்லை, பிள்ளைகளை ஒப்பிட்டுத்தான் தாயின் முகத்தை வரைகிறோம். அக்கா பழைய சாயலை நிறைய வைத்திருக்கலாம், அதற்காக அவளே அம்மா ஆகிவிட மாட்டாள்' என்று சொல்லுங்கள். நெறியாளர் ஆங்கிலத்தில் பதில் சொல்லச் சொல்லியிருந்தாலும் இந்தக் கேள்விக்குத் தமிழிலேயே சொல்லுங்கள், கேட்டது தமிழில்தானே. வெளிமாநிலத்தவர் இருந்தால் பிறகு இரண்டு வரி ஆங்கிலத்தில் சொன்னால் போதும்.

டீ இடைவேளையில் சான்றிதழ் வரிசைக்கு ஓடாமல் அந்தப் பெரியவரைத் தேடிப் போங்கள். என்னிடம் கேட்டவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வடையைக் கையில் வைத்துக்கொண்டே அவர் ஆச்சி சொல்லும் 23 சொற்களை எனக்கு எழுதிக் கொடுத்தார், அழைப்பிதழின் பின்பக்கத்தில்.