புகைபோக்கிக்கு ஒரு கம்பளி அடைப்பு

வீட்டுச் சூடு வெளியேறாமலிருக்க, பயன்படுத்தாத கணப்படுப்பின் (அறையைச் சூடாக்கச் சுவரோடு கட்டிய அடுப்பு) புகைபோக்கியைக் கீழிருந்தே செம்மறிக் கம்பளி அடைப்பு ஒன்றால் மூடிவிடுங்கள். பிரிட்டனில் பாரம்பரியப் பட்டியலில் உள்ள, அதாவது சட்டப் பாதுகாப்புப் பெற்ற பழைய வீட்டுக்கு, குளிரைத் தடுக்க இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடவே அனுமதி வாங்க அலைய வேண்டும். இந்தக் கம்பளி அடைப்பையோ நினைத்தபோது உருவிவிடலாம் என்பதால் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை.

சூடான காற்று மேலே ஏறும். திறந்த புகைபோக்கி அதை இரவும் பகலும் வெளியே இழுக்க, ஜன்னல் இடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே நுழையும். கம்பளி அந்த இழுப்பைக் குறைத்தாலும் ஈரத்தைக் கொஞ்சம் வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு அது முக்கியம். பிளாஸ்டிக் பையைத் திணித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

கேஸ் ஹீட்டரோ விறகடுப்போ அந்தப் புகைபோக்கியில் இணைந்திருந்தால் இதைச் செய்யவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆபத்து. அப்புறம், மறந்துபோய் யாரும் நெருப்பு மூட்டாமலிருக்க அடைப்பிலிருந்து ஒரு சிவப்பு நாடாவைத் தொங்கவிடுங்கள்.