ஒன்ராறியோவின் சிறு நகரங்களில் ஆர்ஜிஐ வீடு: விண்ணப்பத்தில் எங்கே தவறு நடக்கிறது

வருமானத்தைப் பார்த்து வாடகை போடும் வீட்டைத்தான் ஒன்ராறியோவில் ஆர்ஜிஐ (Rent-Geared-to-Income) வீடு என்கிறார்கள். 'அபோர்டபிள்' என்ற பெயரில் விளம்பரமாகும் வீடு வேறு. அதன் வாடகை சந்தை வாடகையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனால் உங்கள் வேலை போனாலும் அது இறங்காது. ஆர்ஜிஐ வாடகை வருமானத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும். சில படிவங்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டிகள் இருக்கும். அபோர்டபிள் பெட்டியை மட்டும் நிரப்பிவிட்டு ஆர்ஜிஐ பட்டியலில் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எந்தப் பட்டியலில் பெயர் ஏறியது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கே கொடுப்பது

2011ஆம் ஆண்டின் வீடமைப்புச் சேவைகள் சட்டப்படி மாகாணம் 47 சேவை முகாமையாளர்களிடம், அதாவது இந்த வீடுகளுக்குப் பொறுப்பான உள்ளூர் நிர்வாகங்களிடம், பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. சிறு நகரத்துக்குப் பெரும்பாலும் தனி அலுவலகம் கிடையாது. கவுண்டி நிர்வாகமோ, பக்கத்துப் பெரிய நகரசபையோ அதைப் பார்த்துக்கொள்ளும். கோர்ன்வால் நகரசபைதான் சுற்றியுள்ள ஸ்ரோர்மொன்ற், டண்டாஸ், கிளென்கரி பகுதிகளுக்கும் பொறுப்பு. வடக்கில் இந்த வேலையைப் பெரும்பாலும் மாவட்ட சமூக சேவை நிர்வாக சபைகள் செய்கின்றன. உங்கள் ஊர் யாருக்குக் கீழ் வருகிறது என்று தெரியாவிட்டால் 211க்கு அழையுங்கள். மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார்.

அந்த அலுவலகத்தில் கொடுக்கும் ஒரே விண்ணப்பம் அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லா ஊர்களுக்கும் செல்லும். எல்லை தாண்டினால் தனி விண்ணப்பம் வேண்டும். ரொறன்ரோவில் பேஸ்மென்றில் இருந்தபடியே சிறு நகரத்துக்கு விண்ணப்பிக்கலாம், இரண்டு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் பெயர் கொடுப்பதும் தவறில்லை. ஆனால் ரொறன்ரோவில் காத்திருந்த ஆண்டுகள் கூடவே வராது. ஒவ்வோர் இடத்திலும் அங்கே விண்ணப்பித்த திகதியே கணக்கு.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. படிவம் நிரப்பிப் பட்டியலில் மேலே ஏற்றிவிடுவதாகச் சொல்லிக் காசு கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

தகுதியில் சிக்கும் இடங்கள்

வீட்டில் ஒருவராவது 16 வயதோ அதற்கு மேலோ ஆனவராக, தனித்து வாழக்கூடியவராக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் உள்ள ஒவ்வொருவரும் குடியுரிமை பெற்றவராகவோ, நிரந்தரவாசியாகவோ, அதற்கு விண்ணப்பித்தவராகவோ, அகதிக் கோரிக்கை வைத்தவராகவோ இருக்க வேண்டும். 'ஒவ்வொருவரும்' என்பதுதான் கவனிக்க வேண்டிய சொல். சூப்பர் விசாவில் (பெற்றோருக்கான நீண்டகால வருகையாளர் விசா) வந்திருக்கும் அம்மாவையும் பட்டியலில் சேர்த்தால் முழுக் குடும்பத்தின் விண்ணப்பமும் நின்றுபோகலாம். ஸ்பான்சரில் வந்த பெற்றோர் தாங்களே விண்ணப்பிக்கலாம். ஆனால் பிள்ளை கையெழுத்திட்ட பராமரிப்புப் பொறுப்பு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்பார்கள். அதை மறைக்க வேண்டாம்.

ஊரில் உள்ள வீடும் கணக்கில் வரும். ஆண்டு முழுவதும் குடியிருக்கக்கூடிய வீடு உங்கள் பெயரில் இருந்தால், அது யாழ்ப்பாணத்தில் இருந்தாலும், சொல்லியாக வேண்டும். ஆர்ஜிஐ வீட்டுக்குப் போனபின் குறித்த காலத்துக்குள் அதை விற்கவோ கைமாற்றவோ சொல்வார்கள். அவசரப்பட்டு மகளின் பெயருக்கு எழுதிவைக்க முன், சொத்துக் கைமாற்றத்தை உங்கள் அலுவலகம் எப்படிப் பார்க்கிறது என்று கேளுங்கள். சொத்து உச்சவரம்பும் வருமான உச்சவரம்பும் இடத்துக்கு இடம் வேறுபடும்.

முன்பு வேறொரு சமூக வீட்டில் இருந்து வாடகைப் பாக்கி வைத்துவிட்டு வந்தவருக்கு அது தீரும்வரை கதவு அடைப்புத்தான். முழுத் தொகையும் கையில் இல்லாவிட்டாலும், தவணையில் கட்டுவதாக எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்தால் வழி பிறக்கும்.

வரி தாக்கல்

இன்றைய கணக்கில் வாடகையின் அடித்தளம் வரி மதிப்பீட்டு அறிவித்தலில் 23600 என்ற எண்ணுக்கு (line 23600) நேரே உள்ள நிகர வருமானம்தான். கணவருக்கு அந்த இடத்தில் 26,000 டொலர், மனைவிக்கு 10,000 டொலர் என்றால் மொத்தம் 36,000. ஆண்டு வாடகை அதில் 30 வீதம், அதாவது 10,800. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 900 டொலர். மின்சாரம், வெப்பம் யார் கட்டுவது என்பதைப் பொறுத்து இது சற்று மாறும்.

பிள்ளைக் கொடுப்பனவு 23600இல் வராது, ஆகவே அதற்கு வாடகை ஏறாது. முதியோருக்கான ஜிஐஎஸ் (குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான கூடுதல் கொடுப்பனவு) வரும். வரி இல்லாத காசு என்பதால் அது வாடகைக் கணக்கிலும் வராது என்று பல தாத்தா பாட்டிகள் நினைக்கிறார்கள், அது தவறு. முழுநேரம் படிக்கும் பிள்ளை பகுதிநேர வேலை செய்தால் அந்தச் சம்பளம் சேராது. ஆனால் முழுநேர மாணவர் என்ற கடிதம் பாடசாலையிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ வேண்டும். சமூக உதவிப் பணத்தில் வாழ்பவர்களுக்கு வேறு அளவுகோல்.

இதனால் வருமானமே இல்லாதவரும் வரி தாக்கல் செய்ய வேண்டும். வீட்டிலிருக்கும் மனைவி தாக்கல் செய்யாமல் விட்டிருப்பார். கோப்பு நகராமல் கிடப்பதற்கு அடிக்கடி காரணம் இதுதான். குறைந்த வருமானக்காரருக்குச் சமூகத் தொண்டர் வரி முகாம்களில் இலவசமாகச் செய்து தருவார்கள்.

மற்றப் பத்திரங்கள்: எல்லோருக்கும் குடிவரவு நிலைக்கான சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பிரிந்த பெற்றோர் என்றால் பிள்ளைப் பொறுப்பு ஆவணம், வங்கி விபரம். எப்போதும் பிரதிதான், மூலத்தைக் கொடுக்க வேண்டாம். எங்கள் தமிழ்ப் பெயர்களில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நிரந்தரவாசி அட்டையில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக இருக்கும், வங்கியில் தலைகீழாக இருக்கும். படிவம் முழுவதும் அட்டையில் உள்ளபடியே எழுதி, மற்றப் பெயரும் உங்களுடையதுதான் என்று ஒரு சிறு விளக்கம் இணையுங்கள்.

வன்முறையிலிருந்து வெளியேறுபவர்

குடும்ப வன்முறைக்கோ ஆட்கடத்தலுக்கோ உள்ளானவர்களுக்கு விசேட முன்னுரிமை உண்டு. அவர்கள் பட்டியலின் மேலே போவார்கள். ஸ்பான்சர் செய்தவரே துன்புறுத்தினாலும் இது பொருந்தும். ஏற்கெனவே பிரிந்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுதிக் கேட்கலாம். வைத்தியர், சட்டத்தரணி, ஆசிரியர், காப்பகப் பணியாளர் போன்ற ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். பொலிஸ் முறைப்பாடு கட்டாயமில்லை. பாதுகாப்பான தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்து, பழைய முகவரிக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று எழுதுங்கள்.

கட்டடங்களைத் தெரிவது

எந்தெந்தக் கட்டடங்களில் வீடு வேண்டும் என்று குறியிடும் பக்கத்தைப் பலர் ஐந்து நிமிடத்தில் முடிக்கிறார்கள். அதிக நேரம் எடுக்க வேண்டிய பக்கமும் இதுதான். நிறையக் கட்டடங்களில் குறியிட்டால் விரைவில் அழைப்பு வரும். ஆனால் நீங்கள் குறியிட்ட கட்டடத்தில் உங்களுக்குத் தரப்படும் வீட்டை மறுத்தால், அந்த ஒரே மறுப்போடு பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். 2021இலிருந்து இதுதான் விதி. முன்பு மூன்று முறை மறுக்கலாம் என்று சொல்லும் உறவினர் பழைய விதியைச் சொல்கிறார். திடீர் நோய் போன்ற விதிவிலக்கான காரணத்தை ஏற்கலாம், 'வேலைக்குத் தூரம்' என்பதை ஏற்க மாட்டார்கள்.

ஆகவே குறியிட முன்பு ஒரு சனிக்கிழமை காரில் போய்ப் பாருங்கள். சிறு நகரத்தில் பேருந்து இருக்கிறதா, இருந்தால் எத்தனை மணிவரை? குளிர்காலத்தில் கடைக்கு நடந்து போகலாமா? மாடிப்படி மட்டும்தானா, லிப்ட் உண்டா? கவுண்டி பட்டியலில் உள்ள கட்டடம் நகரத்திலிருந்து 40 கிலோமீற்றர் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கலாம். ஒரு படுக்கையறை வீடுகளில் பல முதியோருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும். நாலு படுக்கையறை வீடு சிறு நகரத்தில் அரிது. எத்தனை அறைக்குத் தகுதி என்பதை அந்தந்த அலுவலகமே தீர்மானிக்கும். ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் ஓர் அறையில் இருக்கச் சம்மதம் என்று எழுதினால் சிறிய வீட்டுக்கும் பெயர் போகுமா என்று கேளுங்கள். கூட்டுறவு வீடுகளில் குறியிட்டால் கூட்டங்களுக்குப் போவதும் சிறு வேலைகள் செய்வதும் கடமையாக இருக்கும்.

வாடகை உதவியைக் கையில் தரும் கனடா-ஒன்ராறியோ வீட்டு உதவியை எடுத்தால் ஆர்ஜிஐ பட்டியலிலிருந்து விலக வேண்டிவரும். இப்போது இருக்கும் வீடு பிடித்திருந்தால் அது நல்லது. இல்லையென்றால் யோசித்துக் கையெழுத்திடுங்கள்.

காத்திருக்கும் காலம்

ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். இடையிடையே 'இன்னும் வீடு வேண்டுமா' என்று கடிதம் வரும். பதில் போகாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். வீடு மாறுதல், புதுத் தொலைபேசி எண், பிள்ளை பிறத்தல், பிரிவு, வேலை மாற்றம் எல்லாவற்றையும் உடனே எழுத்தில் அறிவியுங்கள். தொலைபேசியில் சொன்னால் பேசியவர் பெயரும் திகதியும் குறித்துவையுங்கள். தகுதியில்லை என்று முடிவு வந்தால் கடிதத்தில் காரணமும், மீளாய்வு கேட்கக் கடைசி நாளும் இருக்கும். விடுபட்ட பத்திரத்தால் வந்த மறுப்பு மீளாய்வில் பெரும்பாலும் திருத்தக்கூடியது.

அழைப்பு வந்த நாள்

பதில் சொல்ல மிகக் குறுகிய அவகாசமே தருவார்கள். தெரியாத எண் என்று விட்டுவிடும் அழைப்பு அதுவாக இருக்கலாம், குரல் பதிவுப் பெட்டி நிரம்பிக் கிடக்கக் கூடாது.

பழைய வீட்டுக்கு 60 நாள் முன்னறிவித்தல் என்9 படிவத்தில் கொடுக்க வேண்டும், அது வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும். புது வீடோ அடுத்த மாதமே தொடங்கும். இரண்டு வாடகை விழாமல் இருக்க, வீட்டுக்காரரோடு பேசி என்11 படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம். புது இடத்தில் கடைசி மாத வாடகை முற்பணமாகக் கேட்கலாம், சேதத்துக்கென்று முற்பணம் கேட்க ஒன்ராறியோவில் அனுமதியில்லை. ஹைட்ரோ (மின்சார) கணக்கு, குடியிருப்பாளர் காப்புறுதி இரண்டுக்கும் காசு ஒதுக்குங்கள். சாவி வாங்கும்போது ஒவ்வோர் அறையையும், குளியலறைச் சுவரையும், அடுப்புக்குப் பின்பக்கத்தையும் திகதியோடு படம் பிடித்து அன்றே அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.