சென்னையிலிருந்து ஸ்வீடனுக்கு வேலைக்குப் போகிறீர்களா? முதலில் வீட்டைப் பற்றிக் கேளுங்கள்

ஸ்வீடனில் வேலை வாங்கித் தருகிறேன், நாலு லட்சம் எடுத்து வையுங்கள் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அந்த நாட்டில் ஒர்க் பெர்மிட் விண்ணப்பத்தைத் தொடங்கி வைப்பது உங்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனிதான். குடியேற்றத் துறையான மிக்ரேஷன்ஸ்வெர்கெட்டின் தளத்தில் வேலையையும் சம்பளத்தையும் அவர்கள் பதிந்தபின் உங்களுக்கு மெயில் வரும், மீதியை நீங்கள் நிரப்புவீர்கள். இதில் ஏஜெண்டுக்கு என்ன வேலை? அப்படியும் ஒருவர் மூலமாகத்தான் போகவேண்டும் என்றால், அவர் பெயர் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவர்கூட 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

நான் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் கார் எலக்ட்ரானிக்ஸ் டெஸ்டிங்கில் வேலை பார்த்துவிட்டு அம்பத்தூருக்குத் திரும்பியவன். ஒரகடம், மறைமலை நகர், சிறுசேரி பக்கம் வேலை பார்க்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்டு வருவார்கள். எம்பெடட் மென்பொருள், வண்டி டிசைன், டெலிகாம் என்று இருந்தால் நம்பிக்கையோடு முயற்சி செய்யலாம். கோதன்பர்கில் வோல்வோ, சோடர்டேலியேவில் ஸ்கானியா, ஸ்டாக்ஹோமில் எரிக்சன் என்று இந்தத் துறைகளுக்கு இடம் உண்டு, இப்படிப்பட்ட வேலைகளில் ஆங்கிலத்தை வைத்தே சமாளிக்கலாம். நர்ஸ் வேலை அப்படி இல்லை. அங்கே லைசென்ஸ் வாங்கவேண்டும், அதற்கு ஸ்வீடிஷ் மொழியில் சி1 என்ற உயர்நிலைத் தேர்ச்சி வேண்டும். அதனால் மொழியில்தான் தொடங்கவேண்டும்.

வேலை தேட அரசு நடத்தும் பிளாட்ஸ்பாங்கன் தளம் இருக்கிறது, இலவசம். விளம்பரம் முழுக்க ஸ்வீடிஷில் இருந்தால் பெரும்பாலும் அந்த மொழி பேசுகிறவரைத்தான் தேடுகிறார்கள், தாண்டிப் போங்கள். ரெஸ்யூம் இரண்டு பக்கம் போதும். அப்பா பெயர், மதம், திருமணம் ஆனதா என்பதெல்லாம் வேண்டாம்.

ஆஃபர் வந்ததும் சம்பளத்தைக் கவனியுங்கள். 2023 நவம்பர் வரை மாதம் 13,000 குரோனா (ஸ்வீடன் பணம்) இருந்தாலே பெர்மிட் கிடைத்தது. அந்த மாதம் ஒரே தடவையில் 27,360 ஆக்கிவிட்டார்கள். அதன்பின் தொகை மாறிக்கொண்டே வருகிறது, விண்ணப்பிக்கிற அன்றைக்கு மிக்ரேஷன்ஸ்வெர்கெட் தளத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துப் பேசுங்கள். வரி எல்லாம் போகக் கையில் என்ன வரும் என்று எச்ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். தகுதிகாண் காலம் 6 மாதம் வரை இருக்கலாம். அப்படி இருந்தால் பிள்ளைகளின் டிசியை அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

இப்போது வீடு. நம் ஆட்கள் சம்பளத்துக்கு மூன்று தடவை பேசுவார்கள், வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். எனக்கு இதில்தான் ஆதங்கம். ஸ்டாக்ஹோமில் முறையான வாடகை வீட்டுக்கு வரிசையில் பதிந்து வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள், கோதன்பர்கிலும் பதிந்து காத்திருக்கும் முறைதான். புதிதாகப் போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேறொருவர் தன் வீட்டை உள்வாடகைக்கு விடுவது. அது சில மாதத்துக்குத்தான் இருக்கும். ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே, முதல் 3 மாதத்துக்குக் கம்பெனியே சாமான்களோடு வீடு தருமா என்று கேளுங்கள். அந்த முகவரியில் என் பெயரைப் பதிந்துகொள்ளலாமா என்றும் கேளுங்கள்.

காரணம் இதுதான். அங்கே எல்லாம் பெர்ஷூன்நும்மர் என்ற அடையாள எண்ணில் தொங்குகிறது. ஓராண்டுக்குக் குறையாமல் தங்கப்போகிறவருக்கு வரித்துறையான ஸ்கட்டவெர்கெட் அதைத் தரும், ஆனால் நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று காட்டவேண்டும். எண் வந்தபின் அடையாள அட்டை, அப்புறம் வங்கிக் கணக்கு, அப்புறம் மொபைலில் நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் பேங்க்ஐடி. பேங்க்ஐடி இல்லாமல் மொபைலில் பணம் அனுப்புவதே முடியாது. “வாடகைக்குத் தருகிறேன், ஆனால் என் முகவரியில் பதியாதே” என்கிற வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள். வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பவே வேண்டாம், அந்த ஏமாற்று அங்கேயும் உண்டு.

குடும்பத்தோடு போகிறவர்கள் திருமணச் சான்றிதழுக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் முத்திரையை (வெளிநாட்டில் செல்லும்படி நம் அரசு தரும் சான்று) சென்னையிலேயே வாங்கிவிடுங்கள். அங்கே போய்விட்டு, வயதான அப்பாவை இங்கே அலுவலகம் அலுவலகமாக அலையவிடக் கூடாது.

மிக்ஸியைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். அங்கேயும் 230 வோல்ட்தான், மூன்று முள் பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். குளிரில் இட்லி மாவு பொங்காது, ஓவனைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வைத்தால் பொங்கிவிடும். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். வெளிநாட்டுப் பயணிகள் பால், இறைச்சிப் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை, பச்சை இலைக்குத் தனிச் சான்றிதழ் கேட்பார்கள். டிசம்பரில் கோதன்பர்கில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள். நம் ஓட்டுநர் உரிமம் குடிப்பதிவு ஆகி ஓராண்டு வரைதான் செல்லும். மாற்றித் தரமாட்டார்கள், தேர்வெழுதிப் புதிதாக வாங்கவேண்டும், செலவும் அதிகம்.

பெர்ஷூன்நும்மர் வந்த வாரமே எஸ்எஃப்ஐ என்ற மொழி வகுப்புக்குப் பதியுங்கள். குடியேறியவர்களுக்கு ஸ்வீடிஷ் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள், வேலை முடிந்து வருகிறவர்களுக்கு மாலையிலும் வகுப்பு உண்டு. கூட வருகிற மனைவியோ கணவரோ இருந்தால் அவரையும் அன்றைக்கே பதிந்துவிடுங்கள். அவருக்கும் வேலை செய்ய அனுமதி உண்டு.