வெற்றிப் பட்டியலை வாசிக்கும் முறை: பந்தய மேதைகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 பந்தயங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, முதலில் வந்தவரே அன்றைய சிறந்த ஓட்டுநர் என்று சொல்வதில் தயக்கம் இருக்காது. அங்கே எல்லாக் கார்களும் ஒரே வடிவமைப்பில் செய்யப்பட்டவை என்பதால், முந்துவதும் பிந்துவதும் பெரும்பாலும் ஓட்டுபவரைப் பொறுத்தே அமைகின்றன. அதே கண்ணோடு, உலகின் முதல்தரக் கார் பந்தயமான ஃபார்முலா 1-இன் வெற்றிப் பட்டியலைப் பார்ப்பதிலிருந்துதான் நம்மூர் ரசிகர்களின் பல பிழைகள் தொடங்குகின்றன. ஃபார்முலா 1-இல் ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைக்க வேண்டும்; ஆகவே கார்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு அந்தப் போட்டியின் இயல்பிலேயே இருக்கிறது. 1988-இல் நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரன் அணியும், 2023-இல் நடந்த 22 பந்தயங்களில் 21-ஐ ரெட் புல் அணியும் வென்றன.

மொத்தப் புள்ளிகளைக் கூட்டி வைத்து ஓட்டுநர்களை வரிசைப்படுத்துவது மிகவும் பரவலான தவறு. அதை முற்றிலுமாகக் கைவிட வேண்டும். 1950-களில் ஒரு வெற்றிக்கு 8 புள்ளிகள் கிடைத்தன. 1961 முதல் 9, 1991 முதல் 10, 2010 முதல் 25 என்று அது உயர்ந்தது. இன்று ஒரே வெற்றியில் கிடைப்பது, 1950-களின் சாம்பியனான ஹுவான் மானுவேல் ஃபாஞ்சியோ மூன்று பந்தயங்களை வென்று பெற்றதைவிட அதிகம். வெற்றிகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவதும் இதே போன்ற பிழைதான். 1950-இல் உலகச் சாம்பியன் போட்டிக்கு ஏழு பந்தயங்கள் இருந்தன. 2024-இல் 24 இருந்தன. லூயிஸ் ஹாமில்டனின் 105 வெற்றிகளும் மைக்கேல் ஷூமாக்கரின் 91 வெற்றிகளும் மாபெரும் சாதனைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இருவரும் தலா முந்நூறுக்கும் மேற்பட்ட பந்தயங்களில் ஓட்டி ஈட்டியவை அவை. ஃபாஞ்சியோ 51 பந்தயங்களில் 24-ஐயும், 1960-களில் ஓட்டிய ஜிம் கிளார்க் 72 பந்தயங்களில் 25-ஐயும் வென்றார்கள். விகிதத்தைக் கணக்கிட்டால் ஃபாஞ்சியோ ஏறத்தாழ இரண்டு பந்தயங்களுக்கு ஒன்றை வென்றிருக்கிறார். அந்த விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. அக்காலத்தில் ஒரே காரை இரு ஓட்டுநர்கள் பகிர்ந்து ஓட்ட அனுமதி இருந்ததால், அவருடைய 24 வெற்றிகளில் இரண்டு அப்படிப் பகிர்ந்து பெற்றவை.

சாம்பியன் பட்டங்களை எண்ணுவது இதைவிடப் பாதுகாப்பான வழி என்று பலர் நினைக்கிறார்கள். பட்டம் யாருக்குப் போகும் என்பதை விதிகளும் தீர்மானிக்கின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1988-இல் ஆலன் புரோஸ்ட் மொத்தம் 105 புள்ளிகளும், அயர்டன் சென்னா 94 புள்ளிகளும் பெற்றார்கள். ஆனால் ஒவ்வோர் ஓட்டுநரின் சிறந்த 11 முடிவுகளை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அன்றைய விதி. அதன்படி 90-க்கு 87 என்ற கணக்கில் பட்டம் சென்னாவுக்குச் சென்றது. எட்டுப் பந்தயங்களை வென்றவர் சென்னா, ஏழு வென்றவர் புரோஸ்ட் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அநியாயம் நடந்தது என்று யாரும் எளிதில் கூறிவிட முடியாது. இதே புரோஸ்ட் 1984-இல் ஏழு பந்தயங்களை வென்றும், ஐந்து மட்டுமே வென்ற நிக்கி லாடாவிடம் அரைப் புள்ளியில் தோற்றார். மழையால் பாதியில் நிறுத்தப்பட்ட மொனாக்கோ பந்தயத்தை அவர் வென்றதற்குப் பாதிப் புள்ளிகளே தரப்பட்டிருந்தன. நான்கு பட்டங்கள் பெற்ற ஒருவரின் கணக்கில் ஆறு பட்டங்கள் இருந்திருக்கக்கூடும் என்பதை உணரும்போது, புரோஸ்டின் நான்குக்கும் ஃபாஞ்சியோவின் ஐந்துக்கும் ஷூமாக்கர், ஹாமில்டன் ஆகியோரின் ஏழுக்கும் இடையிலான வேறுபாட்டை வைத்து மட்டுமே தீர்ப்புச் சொல்லத் துணிய மாட்டோம்.

பட்டமே பெறாத ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதையும் இதே காரணத்தால் நான் ஏற்கவில்லை. ஸ்டெர்லிங் மோஸ் 1955 முதல் 1958 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இரண்டாமிடம் பெற்றார். 1958-இல் அவர் நான்கு பந்தயங்களை வென்றார். ஒன்றே வென்ற மைக் ஹாத்தார்ன் ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார். அவ்வாண்டு போர்ச்சுகல் பந்தயத்தில் ஹாத்தார்ன் தகுதி நீக்கம் செய்யப்படும் நிலை வந்தபோது, அவருக்காக நடுவர்களிடம் சாட்சி சொன்னவர் மோஸ்தான். அந்தச் சாட்சியால் ஹாத்தார்னுக்குத் தக்கவைக்கப்பட்ட புள்ளிகளே இறுதியில் மோஸின் பட்டத்தைப் பறித்தன. இப்படிப்பட்ட ஒருவரை விட்டுவிட்டுத் தயாரிக்கப்படும் எந்தப் பட்டியலும் முழுமையாகாது.

இதற்கு நேர் எதிரான தவறு, எல்லாப் பெருமையையும் காருக்கே கொடுத்துவிடுவது. வெற்றி பெற்ற மாடுகள் நல்ல மாடுகள் என்பதற்காக, ஓட்டியவருக்கு வேலையே இல்லை என்று உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ ரேக்ளா பார்த்த எவரும் சொல்ல மாட்டார்கள். காரின் பங்கை ஓரளவேனும் பிரித்துப் பார்க்கக் கிடைத்திருக்கும் நல்ல வழி, அதே அணியில் அதே காரை ஓட்டிய சக ஓட்டுநரோடு ஒப்பிடுவதாகும். 2007-இல் புதிதாக வந்த ஹாமில்டன், இருமுறை உலகச் சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோவோடு ஒரே அணியில் ஓட்டி, அவருக்குச் சமமாக 109 புள்ளிகள் எடுத்தார். பின்னாளில் அவர் பெற்ற பல வெற்றிகளைவிட அவருடைய திறமைக்கு இது வலுவான சான்று. ஆனால் இந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. 2002-இல் ஆஸ்திரியாவில் முன்னணியில் இருந்த ரூபன்ஸ் பரிச்செல்லோ, அணியின் உத்தரவுப்படி கடைசி நேரத்தில் தன் சக ஓட்டுநரான ஷூமாக்கருக்கு வழிவிட்டார். 2016-இல் பத்துப் பந்தயங்களை வென்ற ஹாமில்டனை, ஒன்பது வென்ற அவருடைய சக ஓட்டுநர் நிக்கோ ராஸ்பெர்க் ஐந்து புள்ளிகளில் வென்றதற்கு, மலேசியாவில் முன்னணியில் இருந்த ஹாமில்டனின் எஞ்சின் பழுதானதும் ஒரு காரணம். கிளார்க்கின் கதை இன்னும் வேதனையானது. 1962, 1964 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கடைசிப் பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது, எண்ணெய்க் கசிவால் பட்டத்தை இழந்தார். 1968-இல் ஹாக்கன்ஹைமில் ஃபார்முலா 2 பந்தயத்தில் அவர் உயிரிழந்தபோது அவருக்கு வயது 32. கையில் இரண்டு பட்டங்களே இருந்தாலும், என் மதிப்பீட்டில் அவர் முதல் மூன்று பேரில் ஒருவர்.

ஃபார்முலா 1-ஐ மட்டுமே மோட்டார் பந்தயம் என்று கருதுவதும் கூடாது. 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது உலக ராலி பட்டங்களை வென்ற செபாஸ்டியன் லோப், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஒன்பது முறை வென்ற டாம் கிறிஸ்டென்சன், மோட்டார் சைக்கிளிலும் காரிலும் உலகச் சாம்பியனான ஜான் சர்ட்டீஸ் ஆகியோருக்கு இடமில்லாத விவாதம் குறுகியதே.

கடைசியாக, நம் கோவைக்காரரான நரேன் கார்த்திகேயனைப் பற்றிப் பேசும்போது நேரும் இரட்டைத் தவறு. 2005-இல் ஃபார்முலா 1-இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டிய அவர் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நான்காவதாக வந்ததை, உலகின் முன்னணி ஓட்டுநர்களை எல்லாம் முந்தி வந்ததாகச் சிலர் கூறுகிறார்கள். ஆறு கார்களே ஓடிய பந்தயம் அது என்று சொல்லி வேறு சிலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். டயர்களின் பாதுகாப்பு குறித்த அச்சத்தால் மிஷெலின் டயர் பூட்டிய 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிவிட்டன என்பது உண்மை. அவருடைய அணியைச் சேர்ந்த டியாகோ மான்டெய்ரோ அவருக்கு முன்னால் மூன்றாவதாக வந்தார் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் ஜோர்டன் அணி பெற்ற 12 புள்ளிகளில் 11 அந்த ஒரே நாளில் கிடைத்தவை. அந்தக் காரை ஓட்டியவரிடமிருந்து வேறு நாள்களில் என்ன எதிர்பார்த்திருக்க முடியும் என்பதை அந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. 2011, 2012-இல் அவர் ஓட்டிய எச்.ஆர்.டி. அணியோ, இருந்த காலம் முழுவதும் ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. கார்களுக்குள் வேறுபாடு இல்லாத ஏ1 ஜிபி போட்டியில், 2007-இல் சீனாவின் ஜூஹாய் களத்தில் அவர் பெற்ற வெற்றியே, இண்டியானாபொலிஸைவிட அவருடைய திறமையைத் தெளிவாகக் காட்டுகிறது.