காருக்கு எந்தக் காப்புறுதி எடுப்பது?

பரந்தனில் கராஜ் வைத்திருக்கிறேன். ஏ9 வீதியில் இரவில் மாட்டோடு மோதி, முன்பக்கம் நெளிந்த கார்கள்தான் எனக்கு அதிகம் வரும். பொனட்டைத் திறக்க முன் நான் கேட்பது: "தம்பி, என்ன இன்சூரன்ஸ்?"

மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். காப்புறுதி இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. ஆனால் அதில் காசு நீங்கள் இடித்தவருக்குத்தான். உங்கள் ரேடியேட்டருக்கு ஒரு சதமும் வராது. சொந்தக் காருக்கும் வேண்டுமென்றால் முழுக் காப்புறுதி. லீசிங் என்றால் கம்பனியே அதைக் கேட்கும்.

முழுக் காப்புறுதி என்றதும் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். வெள்ளத்துக்குப் பல பொலிசிகளில் தனியாகக் கட்ட வேண்டும். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற மாரியில் தண்ணீர் ஏறுகிற பக்கம் இருப்பவர்கள் அதைச் சேர்த்தே எடுங்கள். வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். அதனால் எஞ்சின் பழுதானால் பணம் தர மறுக்கலாம்.

பெறுமதியையும் குறைத்துப் போடாதீர்கள். 60 லட்சம் பெறுமதியான காரை 30 லட்சத்துக்குப் போட்டால், 2 லட்ச ரூபா வேலைக்குப் பாதிதான் கிடைக்கக்கூடும். சொந்தப் பாவனை என்று பதிந்த வானை ஹயருக்கு ஓடுவது அதைவிட மோசம். விபத்தென்றால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

மோதிவிட்டால், ஆட்களுக்குக் காயமில்லை என்று பார்த்த கையோடு காப்புறுதிக் கம்பனிக்கு அழையுங்கள். படம் எடுங்கள், மாடு யாருடையது என்று காட்டுகிற சூட்டுக் குறியும் தெரிய. கராஜுக்கு இழுத்து வருவதெல்லாம் அப்புறம்.