பேயைத் தேடும் முன் பக்கத்துக் கட்டடத்தைப் பாருங்கள்

டொராண்டோவில் மெக்கன்ஸி ஹவுஸ் என்று ஒரு பழைய வீடு இருக்கிறது. ஆளே இல்லாத மாடிப்படியில் ராத்திரியில் கனத்த காலடிச் சத்தம் கேட்பதாக அங்கே தங்கியிருந்த பராமரிப்பாளர்கள் சொன்னார்கள். பேய் வீடு என்று பேரும் பரவிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் அதை விசாரிக்கப் போனவர் ஜோ நிக்கல். மேஜிக் செய்தவர், தனியார் துப்பறிவாளராக வேலை பார்த்தவர், பிற்பாடு ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் பக்கத்துக் கட்டடத்துக்குள் போய்ப் பார்த்தார். அங்கே ஓர் இரும்புப் படிக்கட்டு, இந்த வீட்டுப் படிக்கட்டுக்கு இணையாக ஓடியது. ராத்திரி நேரத்தில் துப்புரவு வேலை பார்த்தவர்கள் அதில்தான் ஏறி இறங்கினார்கள். அவ்வளவுதான்.

அமானுஷ்யம் என்று சொல்லப்படுவதை விசாரிக்கக் கிளம்புகிறவர்களின் முதல் தவறு இங்கேயே தெரிந்துவிடுகிறது. சத்தம் கேட்ட வீட்டுக்குள்ளேயே சத்தத்தைத் தேடுவார்கள். அதுவும் கையில் ஒரு மின்காந்தப்புல மீட்டரோடு. அந்த மீட்டர் சுவருக்குள் ஓடும் வயரைக் காட்டும், ஃப்ரிட்ஜைக் காட்டும். பேய்க்கு மின்காந்தப்புலம் உண்டென்று யாரும் நிறுவியதில்லை. முள் ஆடினால் என்ன அர்த்தம் என்றே தெரியாத கருவிக்குப் பதில் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துப் போகலாம்.

இதைவிடப் பெரிய தவறு, நடந்தது என்ன என்று தெரிவதற்குள் காரணம் சொல்லத் தொடங்குவது. விளக்குவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று உறுதியாகும்வரை விளக்கப் போகாதே என்பது உளவியலாளர் ரே ஹைமன் வலியுறுத்திய விதி. கேட்க எளிது, கடைப்பிடிப்பது கஷ்டம். "பூட்டின கதவு தானா திறந்துச்சுங்க" என்று ஒருவர் சொன்னதுமே நம் மூளை காற்று, கீல், எலி என்று ஓட ஆரம்பித்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். பூட்டியது யார்? சாவியைத் திருப்பினாரா, சும்மா சாத்தினாரா? திறந்ததை யாராவது கண்ணால் பார்த்தார்களா, இல்லை காலையில் திறந்துகிடந்ததைப் பார்த்தார்களா? ஒருமுறையா, பலமுறையா? இதை முதலில் யாரிடம், எப்போது சொன்னார்கள்? நாலு கேள்வி கேட்பதற்குள் "தானா திறந்த கதவு" பல சமயம் "திறந்துகிடந்த கதவு" ஆகிவிடும். அதற்குமேல் விளக்க என்ன இருக்கிறது?

பார்த்தவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துக் கேட்பதும் கூடாது. ஒருவர் "வெள்ளையா இருந்துச்சு" என்றால் அடுத்தவர் நினைவிலும் வெள்ளை ஏறிவிடும். அவர் பொய் சொல்லவில்லை, நினைவு வேலை செய்யும் விதமே அப்படி. தனித்தனியாகக் கேளுங்கள். "உருவம் உயரமா இருந்துச்சா?" என்று எடுத்துக் கொடுக்காமல், "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

சரி, இது பொதுவாக எல்லோருக்கும். சந்தேகப்படுகிறவர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு: பேயை மறுக்கிற அவசரத்தில், நிரூபிக்கப்படாத இன்னொன்றைக் காரணமாகச் சொல்லிவிடுவது. இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர் ஓர் ஆய்வுக்கூடத்தில் ராத்திரி தனியாக இருந்தபோது குளிர் வியர்வையும் பயமும் வந்தன. கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது, திரும்பினால் காணோம். மறுநாள் தன் வாள்சண்டைக் கத்தியைப் பட்டறைப் பிடியில் இறுக்கிவைத்தார். அது தானாக அதிர்ந்தது. தேடிப் பார்த்ததில், புதிதாக மாட்டிய காற்று வெளியேற்றும் விசிறி, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை அறைக்குள் எழுப்பியது தெரிந்தது. 1998இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அழகான துப்பறிதல். அதற்கப்புறம் எந்தப் பேய் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "அது 19 ஹெர்ட்ஸ்தான்" என்று ஒரு கூட்டம் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

லண்டனில் கிறிஸ் ஃபிரெஞ்ச் என்ற உளவியலாளரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு வெற்று அறையில் கேட்காத ஒலியும் மின்காந்தப்புலமும் சிலருக்குப் போடப்பட்டன, சிலருக்குப் போடப்படவில்லை. 79 பேர் அறைக்குள் போய்வந்தார்கள். பலர் விசித்திரமாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஆனால் கருவி ஓடியதற்கும் ஓடாததற்கும் அவர்கள் உணர்ந்ததற்கும் தொடர்பு தென்படவில்லை. 'ஏதாவது உணரலாம்' என்று முன்கூட்டியே சொல்லிவைத்ததே போதுமாக இருந்திருக்கலாம் என்ற முடிவுக்குத்தான் ஆய்வாளர்கள் வந்தார்கள். ஆக, டாண்டியின் அறையில் ஒரு விசிறி அதிர்ந்தது உண்மை. அதை ஊர்ப் பேய்களுக்கெல்லாம் மருந்தாக எழுதிக் கொடுக்க முடியாது.

எதிரில் இருப்பவர் ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்டிக்கொண்டு போவதும் தவறு. ஹைமனே இளவயதில் கைரேகை பார்த்தவர், அது பலிக்கிறது என்று நம்பியவர். மேடைக் கலைஞர் ஒருவர், ரேகை சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பார் என்று யோசனை சொன்னார். ஹைமன் அப்படியே செய்தார். வந்தவர்கள் முன்போலவே அசந்துபோனார்கள். அதுவரை அவர் ஏமாற்றியது தன்னையும் சேர்த்துத்தான்.

இதற்கு இன்னும் பழைய சாட்சி விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. 1853இல் இங்கிலாந்தில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைவைத்தால் அது தானே நகர்கிறது என்று ஒரே பரபரப்பு. ஃபாரடே யாரையும் திட்டவில்லை. சில அட்டைகளை மென்மையான பசையால் லேசாக ஒட்டி அடுக்கி, மேசைக்கும் கைகளுக்கும் நடுவே வைத்தார். மேசை முதலில் நகர்ந்தால் அடியட்டை முந்தும், கை முதலில் தள்ளினால் மேலட்டை முந்தும். மேலட்டைதான் முந்தியிருந்தது. அப்புறம் கை லேசாகத் தள்ளினாலும் காட்டிக்கொடுக்கிற ஒரு முள்ளை அமைத்து, அதை உட்கார்ந்தவர்களே பார்க்கும்படி வைத்தார். மேசை நின்றுவிட்டது. அவர்கள் நேர்மையானவர்கள்தான், தங்கள் கை தள்ளுவது அவர்களுக்கே தெரியவில்லை. குச்சியை வைத்து நிலத்தடி நீர் பார்ப்பவர்கள் கையிலும் இதே சங்கதிதான்.

இன்னொரு பக்கம், படித்த விஞ்ஞானியை ஏமாற்ற முடியாது என்ற நினைப்பு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஒரு பல்கலைக்கழகம் மனோசக்தியை ஆராய 5 லட்சம் டாலர் நன்கொடையோடு ஆய்வகம் தொடங்கியது. மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி தனக்குத் தெரிந்த இரண்டு இளைஞர்களை அங்கே சக்தி உள்ளவர்களாக அனுப்பிவைத்தார். ஏமாறாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று ஆய்வகத்துக்கு அவரே கடிதமும் எழுதினார். மனோசக்தியால் வளைக்கவேண்டிய கரண்டிகள் மேசைமேல் இருக்கும், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய எண் அட்டை. பையன்கள் அட்டைகளை மாற்றிக் கட்டினார்கள், வளைவின் அளவு தானாகவே "மாறியது". ஏமாற்றுகிறீர்களா என்று யாராவது நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்பது ராண்டியோடு அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். 1983இல் ராண்டியே வெளியே சொல்லும்வரை அதற்குத் தேவை வரவில்லை. இயற்கை, ஆய்வாளரிடம் தந்திரம் பண்ணாது; மனிதன் பண்ணுவான். அதனால் சோதனைக்கு மேஜிக் தெரிந்த ஒருவரை அழைக்காமல் இருப்பது வீண் கௌரவம்.

சோதனை என்றால் நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டும். அமானுஷ்ய சக்தியைச் சோதனையில் நிரூபிப்பவருக்கு என்று ராண்டி 1964இல் 1,000 டாலரில் தொடங்கிய பரிசு, பின்னாளில் 10 லட்சம் டாலராக வளர்ந்து 2015 வரை இருந்தது. யாரும் அதை வாங்கவில்லை. அதில் கவனிக்கவேண்டியது பணமல்ல. எது வெற்றி, எது தோல்வி என்று இரு தரப்பும் முதலிலேயே ஒத்துக்கொள்ளவேண்டும், நடுவர் கருத்துக்கு இடமிருக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. இது இல்லாவிட்டால் தோற்றவர் "இன்னைக்கு இங்க அதிர்வு சரியில்லை" என்பார். நாமும் பிடிக்காத முடிவு வந்தால் விதியை வளைப்போம். இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1960களில் இதேபோல் ஒரு லட்ச ரூபாய் சவால் விட்டபோதும், மோசடிக்கு இடமில்லாத நிலையில் செய்துகாட்டவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. பார்த்ததை எழுதுங்கள், ஆளைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள். மனோசக்தியால் கரண்டியை வளைப்பதாகச் சொன்ன யூரி கெல்லர், தன்னைப் பற்றி ராண்டி சொன்னவற்றை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளின் நெருக்கடியில், ராண்டி தான் சேர்ந்து உருவாக்கிய ஆய்வு அமைப்பிலிருந்தே 1991இல் விலகவேண்டியதாயிற்று. பெரிய பேருக்கே அந்தக் கதி.

அப்புறம், ஒரு முறை அம்பலப்படுத்தினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 1986இல் அமெரிக்கப் போதகர் பீட்டர் போபோஃப், கூட்டத்தில் இருப்பவர்களின் பெயரையும் நோயையும் கடவுள் தன்னிடம் சொல்வதாகக் காட்டிக்கொண்டிருந்தார். ராண்டியின் குழு, வானொலி அலைகளைத் தேடிப் பிடிக்கும் ஸ்கேனரைத் திருப்பியது. 39.17 மெகாஹெர்ட்ஸில் அவர் மனைவியின் குரல் கேட்டது. மேடைக்குப் பின்னாலிருந்து கணவரின் காதுக்குள் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். பதிவு தேசிய தொலைக்காட்சியில் ஓடியது. மறுவருடம் போபோஃப் திவால் மனு போட்டார். சில வருடங்களில் தொலைக்காட்சிக்குத் திரும்பி வந்தார்.